டி.பி.எஃப். விளக்கு அணைந்த பிறகும் திரும்பத் திரும்ப எரிகிறதே, வடிகட்டியை மாற்றித்தான் ஆகவேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஓடும் டீசல் கார். அலுவலகம் போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர், எல்லாமே நெரிசலில். டி.பி.எஃப். எனப்படும் டீசல் துகள் வடிகட்டியின் மஞ்சள் விளக்கு எரிந்தது. கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஓட்டியதும் அணைந்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் அதே வைத்தியம், அதே கதை. ஒரு பட்டறையில் வடிகட்டியை மாற்றச் சொல்கிறார்கள்; தெரிந்தவர் ஒருவர் அதை வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார். ‘விளக்கு எரியும்போது இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்’ என்பது நீங்கள் எழுதிய கேள்வி. உண்மையில் உங்களுக்கு வேண்டிய விடை, கெட்டது வடிகட்டிதானா, வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறதா என்பது. டீசல் இன்ஜின்களைப் பழுதுபார்ப்பதில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். அதற்கான காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

போகிற போக்கில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, ‘முன்பும் இதே தூரம்தான் ஓட்டினேன், ஐந்து வருடம் ஒரு தொல்லையும் வரவில்லை’ என்பது. மற்றது, ‘இன்ஜினில் குறை எதுவும் இல்லை, ஆயில் துளியும் குறையவில்லை, சொல்லப்போனால் மேல் கோட்டைத் தாண்டியே நிற்கிறது’ என்பது. இரண்டாவது வரியை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் விளக்கைவிடக் கவலை தருகிறது. இன்ஜின் ஆயில் தானாக ஏறாது. ஏறியிருந்தால் அதில் டீசல் கலந்திருக்க வேண்டும், அல்லது அரிதாகக் குளிர்விப்பு நீர் கலந்திருக்க வேண்டும். எனவே மற்ற எதையும் செய்வதற்கு முன், காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு அளவுக்கோலை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஆயிலுக்குரிய பசைத்தன்மை குறைந்து டீசல் வாடை அடித்தால், விளக்கை அணைப்பதற்காக நெடுஞ்சாலைக்குப் போகவே வேண்டாம். வாடை தெரியவில்லை என்றாலும் அளவு தாண்டியிருப்பதே போதுமான காரணம். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த அடி.

டீசல் ஏன் ஆயிலில் போய்ச் சேர்கிறது என்று புரிய, வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டும். புகைக்குழாயின் முன்பகுதியில், பல கார்களில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை ஒட்டியே, ஓர் உலோக உருளை இருக்கும். அதற்குள் சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பீங்கான் வகைக் கட்டி ஒன்று. அதன் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். ஒரு குழலின் முன்வாய் திறந்தும் பின்வாய் அடைத்தும் இருக்கும். அடுத்த குழலில் இது தலைகீழ். ஆகவே உள்ளே நுழைந்த புகைக்கு நேர்வழி கிடையாது. நுண்துளைகள் உள்ள சுவரின் வழியாகப் பக்கத்துக் குழலுக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரில் தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி துகள்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சர் வாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். வடிகட்டி முழுமையாக இருந்தால் துணியில் லேசான பழுப்போ ஈரமோதான் தெரியும். அடுப்புக்கரி போல் கன்னங்கரேலென்று அப்பிக்கொண்டால் பீங்கான் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் நான் கீழே எழுதுவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. விரிசல் விட்ட வடிகட்டியைச் சுத்தம் செய்து காப்பாற்ற முடியாது.

தங்கிய கரியை அவ்வப்போது எரித்துவிட வேண்டும். அதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். வெறும் ஆக்சிஜனில் கரி எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெரிசலில் ஊர்ந்துபோகும் டீசல் காரின் புகை 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் இன்ஜினுக்குச் சீரான சுமை கொடுத்து ஓட்டும்போது 300, 400 டிகிரி வரை போகும். அந்த வெப்பத்தில் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஓட்டுநருக்குத் தெரியாமலே நடக்கும் இந்த எரிப்பு எவ்வளவு அதிகமாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்களைப் போல் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. அப்போது கட்டுப்பாட்டுக் கணினி தானே வேலையில் இறங்குகிறது. பிஸ்டன் தன் வேலையை முடித்துக் கீழே இறங்கும் நேரத்தில் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. அது சிலிண்டருக்குள் எரியாமல் வெளியேறி, வடிகட்டிக்கு முன்னால் உள்ள ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியின் வெப்பத்தை 600 டிகிரிக்கும் மேலே உயர்த்துகிறது. பத்து முதல் இருபது நிமிடம் இது தடையில்லாமல் நடந்தால் கரி பெரும்பாலும் எரிந்துவிடும்.

சிக்கல் அந்தக் கூடுதல் டீசலில் இருக்கிறது. தாமதமாகத் தெளித்த டீசல் முழுவதும் புகையோடு போய்விடுவதில்லை. ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் இறங்கிவிடுகிறது. ரீஜெனரேஷன் முழுமையாக நடந்து, அடுத்தது சில நூறு கிலோமீட்டர் கழித்து வந்தால் இதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் தொடங்கிய ரீஜெனரேஷன் ஐந்தாவது நிமிடத்தில் அலுவலக வாசலில் நின்றுபோய், மாலையில் மறுபடியும் தொடங்கி, வீட்டு வாசலில் மறுபடியும் நின்றால், ஒவ்வொரு முறையும் டீசல் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், கரி எரிந்தபாடில்லை. நீர்த்துப்போன ஆயில் முதலில் பழிவாங்குவது டர்போவின் தாங்கிகளையும் கிராங்க் பேரிங்குகளையும்தான். அளவு மிகவும் ஏறிவிட்டால் ஆயில் காற்று உறிஞ்சும் பாதைக்குள் இழுக்கப்பட்டு, இன்ஜின் சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும் ஆபத்தும் இருக்கிறது. வடிகட்டி போனால் வடிகட்டியோடு போகும்; ஆயில் போனால் இன்ஜினே போகும். புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்து டீசலைத் தெளிக்கும் கார்களும் உண்டு, அவற்றில் இந்தக் கலப்பு நேராது. உங்கள் காரில் ஆயில் ஏறியிருப்பதைப் பார்த்தால் அது அந்த வகையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இப்போது விளக்குகளைப் பற்றி. சின்னம் பெரும்பாலும் ஒரு குழாய்க்கு நடுவே பெட்டி வரைந்து, அதற்குள் புள்ளிகள் வைத்தது போல் இருக்கும். அது மஞ்சளாக மட்டும் எரிந்தால், ‘நானாகச் செய்ய முயன்றேன், முடிக்க விடவில்லை, ஓட்டிக்கொடுங்கள்’ என்று கார் கேட்கிறது. அதோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, டி.பி.எஃப். விளக்கு சிமிட்டத் தொடங்கினாலோ, வண்டி இழுவை குறைந்து, தன்னைக் காத்துக்கொள்ள மெதுவாக மட்டும் ஓடும் லிம்ப் மோடுக்குப் போனாலோ, ஓட்டி எரிக்கும் கட்டம் பெரும்பாலும் தாண்டிவிட்டது. சிவப்பு விளக்கோ ‘உடனே நிறுத்தவும்’ என்ற செய்தியோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். இந்தப் படிநிலைகளின் எல்லை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சிலர் விளக்குப் போடுவதற்கு முன் மூன்று நான்கு முறை காதும் காதும் வைத்ததுபோல் முயன்று பார்க்கும்படி நிரல் எழுதியிருப்பார்கள், சிலர் சீக்கிரமே சொல்லிவிடுவார்கள். ஆகவே நான் சொல்வதும் உங்கள் கையேடும் முரண்பட்டால் கையேட்டைத்தான் நம்பவேண்டும். இன்னொன்று: நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க ஊற்றும் யூரியா திரவத்தின் விளக்கு வேறு, இது வேறு. அந்தத் திரவத்தை நிரப்பினால் டி.பி.எஃப். விளக்கு அணையும் என்று சிலர் சொல்வது தவறு.

ஓட்டி எரிப்பதைச் சரியாகச் செய்கிறீர்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் இதை வேகம் சம்பந்தப்பட்டதாக நினைக்கிறார்கள். வேண்டியது வெப்பம். அது இன்ஜின் சுமையிலிருந்து வருகிறது. ஆறாவது கியரில் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் மிதந்துகொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட, நான்காவது கியரில் 2,000 முதல் 2,500 சுற்றில் அதே வேகத்தில் போவது பலன் தரும். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுப் போனால் வேகம் இருக்கும், வெப்பம் இருக்காது. முதலில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். அதன்பின் இருபது நிமிடமாவது நிறுத்தாமல் போகக்கூடிய பாதை வேண்டும். டேங்கில் டீசல் கால் பங்குக்குக் கீழே இருந்தால் பல கார்கள் ரீஜெனரேஷனைத் தொடங்குவதே இல்லை. வேறு ஏதாவது கோளாறுக் குறியீடு கணினியில் பதிந்திருந்தாலும் தொடங்காது. குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் கிளோ பிளக் ஒன்று போனதற்காக ரீஜெனரேஷன் தடைபட்டு நிற்கும் கார்களும் உண்டு. அரை மணி நேரம் இப்படி முறையாக ஓட்டியும் விளக்கு அணையவில்லை என்றால், இன்னும் ஓட்டுவதால் பயன் இல்லை.

ரீஜெனரேஷன் நடப்பதைக் கார் சொல்லாவிட்டாலும் பழகியவர்களால் உணர முடியும். நிற்கும்போது இன்ஜின் வழக்கமான 800 சுற்றுக்குப் பதில் 900, 1,000 என்று சற்று உயர்ந்து சுற்றும். சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது. உடனடி எரிபொருள் செலவு காட்டும் எண் காரணமில்லாமல் எகிறும். இன்ஜின் ஓசை கொஞ்சம் கனத்துக் கேட்கும். வண்டியை நிறுத்தி இறங்கினால் சூடான இரும்பின் வாடை வரும், ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த அறிகுறிகள் தெரியும்போது முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் சுற்றிவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் அணைத்துவிடலாம், ஒருமுறை தடைபட்டால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் அந்தச் சூட்டோடு காய்ந்த புல், சருகு, தாள் கிடக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். தீப்பிடித்த வண்டிகள் உண்டு.

இனி உங்கள் காருக்கு வருவோம். தினம் 12 கிலோமீட்டர் என்றால் வாரத்துக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாது. சரியாக எரித்து முடித்த ஒரு வடிகட்டி 80 கிலோமீட்டரில் விளக்கு எரியும் அளவுக்கு நிரம்பக்கூடாது. சாதாரணமாக இரண்டு ரீஜெனரேஷன்களுக்கு இடையே சில நூறு கிலோமீட்டர் இருக்கும். உங்கள் காரில் அது சுருங்கிவிட்டதற்கு நான்கு காரணங்கள்தான் இருக்க முடியும். நீங்கள் ஓட்டியபோது எரிப்பு முழுமையாக முடியவில்லை. விளக்கு அணைவது கரி எல்லைக்குக் கீழே வந்ததற்கு அடையாளமே தவிர, வடிகட்டி காலியாகிவிட்டதற்கு அடையாளம் ஆகாது. இல்லையேல் இன்ஜின் அளவுக்கு மீறிக் கரியைக் கக்குகிறது. இல்லையேல் வடிகட்டியில் எரியாமல் தங்கும் சாம்பல் நிறைந்து, கரிக்கு இடமே குறைந்துவிட்டது. அதுவும் இல்லையேல் வடிகட்டி நன்றாகவே இருக்கிறது, சென்சார் பொய் சொல்கிறது. பட்டறைக்காரர் மூன்றாவது காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார். ஐந்து வருடம் அதே வழக்கத்தில் நன்றாக ஓடிய கார் திடீரென்று மாறியிருப்பதால் மற்ற மூன்றையும் விலக்காமல் நான் பணம் செலவழிக்க மாட்டேன். சாம்பல் வருடக்கணக்கில் சேர்வது. அது ஒரு மாதத்தில் குணத்தை மாற்றாது.

சென்சாரிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் அது எளிது, அதோடு உங்கள் அறிகுறிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்க ஒரு சிறிய சென்சார் இருக்கிறது. வடிகட்டியிலிருந்து அதற்கு இரண்டு மெல்லிய குழாய்கள் போகும்; சில கார்களில் ஒன்று. உலோகக் குழாயும் ரப்பரும் சேரும் இடத்தில் சூட்டில் வெடிப்பு விழும், உள்ளே கரியும் நீர்க்கசிவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முன்பக்கக் குழாய் ஓட்டையானால் அழுத்தம் குறைவாகத் தெரியும், நிரம்பிய வடிகட்டியைக் காலி என்று கணினி நினைக்கும். பின்பக்கக் குழாய் அடைபட்டாலோ, சென்சார் காட்டும் எண்ணே உண்மையைவிட மேலே ஏறிவிட்டாலோ, காலியான வடிகட்டியை நிரம்பியதாக நினைத்து ஓயாமல் ரீஜெனரேஷன் செய்யும். ஓயாத ரீஜெனரேஷன் என்றால் ஆயிலில் டீசல். சோதனை மிக எளிது: காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். புகையே ஓடாதபோது அது பூஜ்யமாக இருக்க வேண்டும். கணிசமான ஓர் எண் நின்றால் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டால் நிற்கும் வேகத்தில் சில மில்லிபார்தான் காட்ட வேண்டும். சுற்றுகளை உயர்த்த உயர்த்தச் சீராக ஏறி, காலை எடுத்ததும் இறங்க வேண்டும். ஏறாமல் அப்படியே நின்றாலும் சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான்.

அடுத்து, குளிர்விப்பு நீரின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். இது திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் வேலை வெப்பத்துக்கு வராமல் 65, 70 டிகிரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கார் நன்றாக ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. டாஷ்போர்டு முள்ளும் பல கார்களில் உண்மையைக் காட்டாது, ஒரு பரந்த இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஸ்கேனரில் குளிர்விப்பு நீரின் வெப்பத்தைப் பார்த்தால்தான் தெரியும். குளிர்ந்த இன்ஜின் அதிகக் கரி போடும், ரீஜெனரேஷனுக்கு அனுமதியும் தராது. நகருக்குள் எப்போதும் தடைபட்டு, நெடுஞ்சாலையில் மட்டும் ஒருவாறு நடந்துவிடும். நீங்கள் சொல்லும் கதையும் அதுதான்.

அதற்கும் மேல் இன்ஜின் கரி கக்கும் காரணங்கள்: ஒழுகும் இன்ஜெக்டர், பாதி திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது), டர்போவிலிருந்து போகும் காற்றுக்குழாயில் கிழிசல், அடைந்துபோன ஏர் ஃபில்டர், டர்போ சீல் வழியாகப் புகைப்பாதையில் ஒழுகும் ஆயில். ஒழுகும் இன்ஜெக்டர் தனியாகவே ஆயிலை டீசலால் நிரப்பும் என்பதால் உங்கள் காரில் அதையும் ஒதுக்க முடியாது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலின் அளவையும், சிலிண்டர்வாரியான திருத்த அளவுகளையும் பார்த்தால் ஓரளவு பிடிபடும். வடிகட்டி இல்லாத காலத்தில் இந்தக் கோளாறுகள் எல்லாம் கரும்புகையாக வெளியே தெரிந்தன. பின்னால் வருகிறவரே சொல்லிவிடுவார். இப்போது வடிகட்டி அந்தப் புகையை விழுங்கிவிடுகிறது, இன்ஜின் சுத்தமாக ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது. அந்தக் கரும்புகையின் இடத்தில்தான் இன்று இந்த மஞ்சள் விளக்கு இருக்கிறது. விளக்கைப் பார்த்து வடிகட்டியைக் குற்றம் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கோளாறு அப்படியே இருக்கப் புதிய வடிகட்டியைப் போட்டால், சில மாதங்களில் அதுவும் அதே நிலைக்கு வரும்.

சில கார்களுக்கு இன்னொரு கிளை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு பெஜோ 607 காரில் தொடங்கிய முறையில், சீரியம் கலந்த ஒரு திரவத்தைத் தனிச் சிறு தொட்டியிலிருந்து டீசலோடு கலந்து, கரி எரியும் வெப்பத்தைச் சுமார் 450 டிகிரிக்குக் குறைத்தார்கள். அந்த வகைக் காராக இருந்தால் தொட்டியில் திரவம் தீர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீர்ந்துபோனால் எரிப்பு அரைகுறையாகவே நடக்கும்.

சாம்பல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. இந்தச் சாம்பல் பெரும்பாலும் டீசலிலிருந்து வருவதல்ல, இன்ஜின் ஆயிலிலிருந்து வருவது. ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கவும் அமிலத்தைச் சமன்செய்யவும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு நாளும் எரியும் மிகச்சிறு அளவு ஆயிலில் இருந்து அவை வடிகட்டியின் குழல்களுடைய கடைக்கோடியில் படிந்துகொண்டே வரும். இதனால்தான் வடிகட்டி உள்ள கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். ஐரோப்பியத் தரத்தில் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று ‘சி’ வரிசையில் வருபவை அவை. எது உங்கள் காருக்கு என்பதைக் கையேடு சொல்லும். கடைசி இரண்டு மூன்று சர்வீஸில் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லைத் தேடிப் பாருங்கள். பிசுக்குத்தன்மை எண் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்து வேறு வகை ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒருமுறை ஊற்றியதால் வடிகட்டி செத்துவிடாது. ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் அதன் ஆயுள் பாதியாகிவிடலாம்.

பட்டறையில் அடுத்து ‘கட்டாய ரீஜெனரேஷன்’ செய்யலாம் என்பார்கள். ஸ்கேனர் மூலம் உத்தரவு கொடுத்து, நின்ற இடத்திலேயே உயர் சுற்றில் இன்ஜினை ஓடவிட்டுக் கரியை எரிப்பது. நியாயமான வழிதான், ஆனால் மேலே சொன்ன சோதனைகளுக்குப் பிறகு செய்ய வேண்டியது. கரி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் கணினி மறுத்துவிடும். மறுப்பை மீறி, கணக்கைப் பொய்யாகக் குறைத்துவிட்டு எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறிய கரி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிப் பீங்கான் வெடிக்கும், சில இடங்களில் உருகும். குறிப்பாக எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இன்ஜினைத் திடீரென்று நிற்கும் வேகத்துக்கு இறக்கினால், ஆக்சிஜன் மிகுந்த காற்று வரும், ஆனால் சூட்டை அள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு ஓட்டம் இருக்காது. பெரும்பாலான விரிசல்கள் விழும் கணம் அது. கட்டாய எரிப்பு முடிந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். இப்போதே மாற்றிவிட்டு, பிறகு கட்டாய எரிப்பும் செய்தால் இரண்டு முறை செலவாகிறதே என்று தோன்றும். ஆனால் நீர்த்த ஆயிலோடு அரை மணி நேரம் உயர் சுற்றில் ஓடவிடுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எந்தத் திரவமும் சாம்பலை எரிக்காது. இரும்பு, சீரியம் போன்ற உலோகச் சேர்மங்கள் உள்ளவை கரி எரியும் வெப்பத்தைக் குறைக்கக்கூடியவை, ஆகவே விளிம்பில் நிற்கும் ஒரு காருக்கு ஒருமுறை கைகொடுக்கலாம். அவையே கொஞ்சம் சாம்பலையும் சேர்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று புட்டியில் எழுதாதவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்சார் துளை வழியாகத் தெளிக்கும் நுரைகள் சிலருக்குப் பலன் தந்திருக்கின்றன, சிலருக்குத் தரவில்லை. மூல காரணம் தீராத இடத்தில் அந்தப் பலன் நிலைப்பதில்லை. சாம்பலை எடுக்க வேண்டுமானால் வடிகட்டியைக் கழற்றி, அதற்கென உள்ள கருவிகளில் சூட்டடுப்பில் சுட்டுக் காற்றால் ஊதியோ, நீரில் அலசி உலர்த்தியோ சுத்தம் செய்ய வேண்டும். முறையாகச் செய்கிறவர்கள் சுத்தத்துக்கு முன்னும் பின்னும் எடையையும் காற்றோட்ட எதிர்ப்பையும் அளந்து எழுத்தில் தருவார்கள். அந்த எண்களைக் கேளுங்கள். தரமுடியாது என்றால் வேறு இடம் பாருங்கள். வண்டி கழுவும் உயரழுத்தக் குழாயால் பீய்ச்சி அடிப்பது சுத்தம் ஆகாது. உள்ளே பூசியிருக்கும் விலையுயர்ந்த உலோகப் பூச்சு சிதையும், வெளியேறும் கறுப்பு நீரும் விஷம்.

வெட்டி எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பல நாடுகளில் அது சட்டவிரோதம். வாகனத் தகுதிச் சோதனையில் வண்டி தேறாது, காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். அதைவிடப் பெரிய காரணம், டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. அந்தத் துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும் அளவுக்கு நுண்ணியவை. நெரிசலில் உங்கள் சைலன்சர் உயரத்துக்கு மூக்கு இருப்பது நடந்துபோகும் குழந்தைகளுக்குத்தான். இயந்திரக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் லாபம் இல்லை. ஒழுகும் இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அதைச் சொல்ல விளக்கு இருக்காது, அவ்வளவுதான். பிஸ்டனில் துளை விழும்போதுதான் தெரியவரும்.

காரைப் பார்க்காமல் இவ்வளவுதான் சொல்லமுடியும். எந்தக் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல எண்கள் வேண்டும். ஆயிலை மாற்றிய பிறகு, கோளாறுக் குறியீடுகளை அழிக்காமல் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு இன்ஜின் அணைந்த நிலையிலும், நிற்கும் வேகத்திலும், 2,500 சுற்றிலும் அழுத்த வேறுபாடு. அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் குளிர்விப்பு நீரின் வெப்பம். கணினி கணக்கிட்ட கரி அளவு, சாம்பல் அளவு. கடைசியாக வெற்றிகரமாக முடிந்த ரீஜெனரேஷனுக்குப் பின் ஓடிய தூரம். கரி அளவு என்பது கணினியின் மதிப்பீடு, தராசில் நிறுத்தது அல்ல. சாம்பல் அளவு பெரும்பாலும் ஓடிய தூரத்தையும் எரித்த டீசலையும் வைத்துப் போடும் கணக்கு. அதனால் அழுத்த வேறுபாட்டோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். நல்ல ரீஜெனரேஷன் ஒன்று முடிந்த உடனேயே அழுத்தம் உயர்வாக இருந்து, சென்சாரும் குழாய்களும் சரியென்று தேறினால், பட்டறைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது: வடிகட்டி சாம்பலால் நிறைந்திருக்கிறது. அப்போது முதலில் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள், பீங்கான் முழுதாக இருந்தால் பெரும்பாலும் மறுவாழ்வு கிடைக்கும். அழுத்தம் முடிந்த உடனே குறைவாக இருந்து, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் எகிறினால், இன்ஜின் கரி கக்குகிறது, இன்ஜெக்டர், இ.ஜி.ஆர்., காற்றுக்குழாய் என்று அந்தப் பக்கம் போகவேண்டும்.

சுத்தம் செய்தாலும் புதிது போட்டாலும், கணினியில் உள்ள சாம்பல் கணக்கை அதற்கேற்ப மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்; மாற்றாவிட்டால் புதிய வடிகட்டியையும் பழையது என்றே நினைத்து அடிக்கடி எரிக்கும். வடிகட்டியைத் தொடாமல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்குவது இதற்கு நேர்மாறான ஆபத்து. மலிவாகக் கிடைக்கும் மாற்று வடிகட்டிகளில் பூச்சு உலோகம் குறைவாக இருப்பதுண்டு, கரி எரிய அதிக நேரம் பிடிக்கும். உங்களைப் போல் குறுந்தூரம் ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது. பொருத்திய பிறகும் அதே 6 கிலோமீட்டர்தான் என்றால், வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி முப்பது நாற்பது நிமிடம் ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஆயில் கோலைப் பாருங்கள். மேலே கேட்ட எண்கள் கையில் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.